மீடியத்தார் வீட்டுக் கறிவேப்பிலை

மீடியத்தார் என்றொரு இனம் நம் நடுவே பெருகி வருகிறது. சாதிச் சான்றிதழில் தேடாதீர்கள், அங்கே கிடைக்காது. இந்த இனத்தில் சேர மதம் தடையில்லை, தொழில் தடையில்லை, வசதிகூடத் தடையில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருகிறீர்கள், இலையில் தண்ணீர் தெளித்து இன்னும் துடைத்து முடிக்கவில்லை, அதற்குள் பக்கத்து இலைக்காரர் உங்கள் பக்கம் சாய்ந்து, "பிள்ளைக என்ன மீடியம்?" என்று கேட்கிறாரே, அவர்தான் மீடியத்தார். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்க மாட்டார். என்ன வகுப்பு என்று கேட்க மாட்டார். படித்தது புரிகிறதா என்று கேட்பதை ஒரு மரியாதைக் குறைவாகவே நினைப்பார்.

"இங்கிலீஷ் மீடியம்" என்று சொன்னீர்களானால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். உங்களுக்கு வரவேண்டிய அப்பளம் வராவிட்டால் தன் அப்பளத்தைக்கூட எடுத்துக் கொடுப்பார். "தமிழ் மீடியம்" என்று சொல்லிப் பாருங்கள். துக்கம் விசாரிக்கிற குரலில், "ஏன், என்ன ஆச்சு?" என்பார்.

பொது இடங்களிலும் இவரை எளிதில் கண்டுகொள்ளலாம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வத்தலக்குண்டு வண்டிக்கும் பழனி வண்டிக்கும் நடுவில், முதுகில் மூட்டை சுமந்த ஒரு சின்ன உருவத்தைப் பார்த்து, "கம், கம், டோன்ட் ரன், சிட் ஹியர்" என்று ஒரு குரல் கேட்கும். கவனியுங்கள்: பேச்சு பிள்ளையோடு, பார்வை பக்கத்தில் நிற்பவர் மேல். கம், கோ, சிட், ஈட், டோன்ட், வெரி குட். இந்த அரை டஜன் சொற்களை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளையைக் காலேஜ் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடக்கூடிய சாமர்த்தியம் மீடியத்தாருக்கு உண்டு. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பயம் வரும், யாரோ கிண்டல் செய்ததில் அழுகை வரும். அதற்கெல்லாம் அவர் கையில் சொல் கிடையாது. ஆகவே அதையெல்லாம் பிள்ளை அம்மாவிடம் சொல்லிக்கொள்ளும்.

நான் பிழைப்புக்காக நெதர்லாந்தில் இருப்பவன். அங்கே என் மகள் டச்சு மொழியில் ஏதோ பாடம் சொல்வாள், நான் தலையாட்டுவேன். ஆகவே, 'இவர் மட்டும் என்ன யோக்கியமாம்?' என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பத்தாவது வரை தமிழிலும், பதினொன்றிலிருந்து இங்கிலீஷிலும் படித்து, அந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ஒரு கோடை விடுமுறையில் உலகத்திலுள்ள எல்லாப் பொருளுக்கும் பெயர் மாறிப்போன அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இந்த இனத்தை நான் தூர நின்று பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனத்தை விளக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? நூர் முகமது இருக்கிறான்.

பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். தோல் வியாபாரக் குடும்பம். இப்போது பெல்ட், பர்ஸ், கைப்பை தைத்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிறான். நன்றாகவே நடக்கிறது. கான்பூர் ஆள் இந்தியில் பேசுவான், சென்னை ஆள் இங்கிலீஷில் பேசுவான், நூர் முகமது இருவரிடமும் திண்டுக்கல் தமிழில் பேசி விலையைத் தன் பக்கம் இழுத்துவிடுவான். இங்கிலீஷ் தெரியாமல் அவன் இழந்த வியாபாரம் என்று ஒன்றை என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவனைக் கேளுங்கள். ஜெயித்ததெல்லாம் அல்லாவின் கருணை. தோற்றதெல்லாம் இங்கிலீஷ் இல்லாததால்.

"எனக்கு மட்டும் இங்கிலீஷ் இருந்திருந்தா மாப்ள, நான் எங்கயோ போயிருப்பேன்" என்பான்.

"எங்கலே போயிருப்ப?"

"எங்கயோ."

அந்த 'எங்கயோ'வுக்குத் தன் பிள்ளைகளை அனுப்புவது என்று முடிவு செய்து, ஏழாவது படிக்கும் முஹ்சினாவையும் யுகேஜி படிக்கும் நிஹாலையும் ஊருக்கு வெளியே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறான். அத்தோடு நிற்பவன் சாதாரண மீடியத்தார். நூர் முகமது பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

அந்தப் பள்ளியில் தமிழ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பிள்ளை, தமிழ் பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டால் விடுதலை. இது நூர் முகமதுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மரத்துண்டுக்கு எங்கே போவது? சென்னையில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போனபோது கழுத்தில் மாட்டிவிட்ட அட்டை ஒன்று பீரோவில் இருந்தது. நீல நாடா, பிளாஸ்டிக் உறை, உள்ளே பெரிய எழுத்தில் 'விசிட்டர்'. அன்றிலிருந்து அந்த வீட்டில் தமிழ் பேசுகிறவர் விசிட்டர்.

நான் லீவில் வந்து அவன் வீட்டுப் படியேறி, "என்னலே, நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். நிஹால் ஓடிவந்து நாற்காலி மேல் ஏறி என் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டுக் கைதட்டினான்.

சட்டம் போட்டவன் நூர் முகமது. சட்டத்தை வளைத்தவள் அவன் மனைவி தாஹிரா. சில நாள் மாட்டுவதும் கழற்றுவதுமாக அவதிப்பட்ட பிறகு அவளுக்கு ஒரு உண்மை புலப்பட்டிருக்கிறது.

"ஒரு தடவ மாட்டியாச்சுன்னா அப்புறம் நாள் பூரா பேசலாம்ல அண்ணே? மாட்டுனவ கழுத்துல மறுபடியும் மாட்டவா முடியும்?" என்றாள், அட்டையை என் கழுத்திலிருந்து உரிமையோடு கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு. "நான் இதப் போட்டுக்கிட்டுத்தான் சமைக்கிறேன், துணி காயப் போடுறேன், எங்கம்மாவோட போன் பேசுறேன். குளிக்கப் போறப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன்."

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தண்டனையாக வந்த அட்டைக்கு வீட்டில் அடிபிடி. மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அட்டை வேண்டுமே! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிஹால் அம்மாவின் முந்தானையை இழுத்து, "ஐ வான்ட் விசிட்டர்" என்றான்.

"எதுக்குடா?"

"செத்த நேரம் குடும்மா. வயிறு வலிக்குது."

நூர் முகமது மட்டும் அட்டை மாட்டுவதில்லை. அவன் கோபம் வந்தால் தமிழில்தான் பேசுவான். கோபத்துக்கு மீடியம் கிடையாது என்பது அவனே கொடுத்த தீர்ப்பு. வீட்டுக்குள் அவனுக்குப் பெரும்பாலும் கோபமாகவே இருந்தது. என்னோடு பேசும்போதும் பழைய சண்டை எதையாவது இழுத்து, அதைச் சாக்காக வைத்துத்தான் நிம்மதியாகப் பேசினான்.

இனி, மீடியத்தாரின் அந்திச் சடங்கு. மக்ரிப் தொழுதுவிட்டு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, மகளுடைய அறிவியல் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வான். அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் பழுப்புத் தாளில் அட்டை போடுவார்கள். முஹ்சினாவின் புத்தகத்துக்குத் தோல் அட்டை. நூர் முகமது தன் கையாலேயே, பெல்ட்டுக்குப் பூசுகிற பசையைப் பூசி, ஓரமெல்லாம் தையல் போட்டு வைத்திருந்தான். அந்த வகுப்பிலேயே மாடு ஒன்றின் மேல் படித்துக்கொண்டிருந்த ஒரே பிள்ளை அவள்தான்.

முஹ்சினா எதிரே கைகளைப் பின்னால் கட்டி நிற்பாள். அவள் ஒப்பிக்க ஒப்பிக்க, அவன் சுட்டுவிரல் வரிக்குக் கீழே ஓடும். விரல் பக்கத்தின் அடிக்கு வந்ததும் தாள் புரளும்; அடுத்த பக்கத்தின் தலைக்கு ஏறி மறுபடி ஓடும். திடீரென்று நிற்கும்.

"நில்லு. 'தி' விட்டுட்ட."

"எங்க விட்டேன்த்தா?"

"'சன்'னுக்கு முன்னாடி 'தி' இருக்குல்ல? முதல்ல இருந்து வா."

இப்போது நூர் முகமது கோபத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மகள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் சொன்னதில் என்ன விட்டுப்போயிற்று என்று உடனே தெரிந்துவிடும். நீளப் பெல்ட்டில் ஒரு தையல் தவறியிருந்தால் தடவிப் பார்த்தே பிடிக்கிறவன் ஆயிற்றே!

"என்ன அர்த்தம்னு கேக்க மாட்டியாலே?" என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அர்த்தமா பரீட்சையில வருது?"

சரி, பள்ளிக்கூடத்திலாவது அர்த்தம் சொல்லமாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்வார்கள். ரகசியமாக. அறிவியல் நடத்தும் பிரிஸ்கில்லா டீச்சர் நல்ல மனசுக்காரர். பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்று தவிப்பவர். ஆனால் வகுப்பில் தமிழ் காதில் விழுந்தால் கரஸ்பாண்டென்ட் சும்மா இருக்க மாட்டார். ஆகவே டீச்சர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கதவோரம் சௌந்தர்யா என்ற பிள்ளையை உட்கார வைத்தார். வராந்தாவில் கரஸ்பாண்டென்ட்டின் செருப்புச் சத்தம் கேட்டால் சௌந்தர்யா இருமவேண்டும். இருமல் இல்லாத நேரமெல்லாம் தமிழில் பாடம் நடக்கும். இருமினால் அந்த நிமிஷமே இங்கிலீஷ். நாடு முழுக்க எத்தனை வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் இப்படிக் கல்விக்காக இருமிக்கொண்டிருக்கிறார்களோ!

ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஐப்பசி மழையில் சௌந்தர்யாவுக்கு ஜலதோஷம் பிடிக்கும் வரை. சின்னாளபட்டியில் தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை. ஒரு நாள்கூட லீவு போடமாட்டாள். வாரம் முழுக்க இருமினாள். வாரம் முழுக்கப் பிரிஸ்கில்லா டீச்சர் இங்கிலீஷிலேயே நடத்தினார். அந்த வாரம் வந்த இரண்டு பாடங்கள், செடி எப்படிச் சாப்பாடு செய்கிறது என்பதும், மனித இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதும், அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் விளங்காமல் போயின.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் முஹ்சினாதான். அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், எங்க ஸ்கூல்ல பின்கட்டுல தமிழ் செக்ஷன் ஒண்ணு இருக்கு. அங்க சந்தேகம் கேட்டா டீச்சருங்க அப்பவே பதில் சொல்றாங்களாம். யாரும் இரும வேண்டியதே இல்லையாம். எனக்கு அங்க போகணும். அத்தாகிட்டச் சொல்லிறாதீங்க."

எப்படிச் சொல்வேன்? அத்தாவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்ததே அந்தப் பின்கட்டுதான். முஹ்சினா வகுப்பில் எழுந்து எழுந்து தமிழில் சந்தேகம் கேட்கிறாள் என்று கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை இங்கிலீஷில் அறிவியல் பேச்சுப் போட்டி. அதில் தடுமாறாமல் பேசினால் இருக்கிற வகுப்பிலேயே இருக்கலாம். தடுமாறினால் வருகிற வருஷம் பின்கட்டு. மகள் எங்கே போகத் துடித்தாளோ, அங்கே போய்விடுவாளோ என்று தகப்பன் துடித்துக்கொண்டிருந்தான். இப்படி இருவர் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போனதற்கு என்ன காரணம்? அட்டை அப்போது வேறு யார் கழுத்திலாவது இருந்திருக்கும்.

போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. போட்டிக்குத் தயாராக அன்று பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டிருந்தார்கள். நூர் முகமது ஜும்மாவுக்குப் போயிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுப்படியில் தால்ச்சா கொதித்தது. தாளிக்கக் கறிவேப்பிலை கிள்ளிவரச் சொல்லி மகளைக் கொல்லைக்கு அனுப்பினாள் தாஹிரா. போகும்போதும் வரும்போதும் முஹ்சினாவின் உதடுகள் ஒப்பித்துக்கொண்டே இருந்தன. வந்தவள், கையில் கொத்தோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ம்மா, விசிட்டரக் குடு."

தாஹிரா கழற்றி மகள் கழுத்தில் போட்டாள்.

"இத இப்பத்தானே கிள்ளுனேன். ஏன்ம்மா ரத்தம் வரல?"

"கறிவேப்பிலைக்கு எதுக்குடி ரத்தம் வரணும்?"

"எலைதானம்மா ரத்தத்த உடம்பு பூரா அனுப்புது? பெரிய மரத்துக்கு மட்டும்தான் அப்படியா?"

தாஹிரா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எங்க, அத மறுக்காச் சொல்லு."

முஹ்சினா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தி லீவ்ஸ் அப்சார்ப் தி சன்லைட் அண்ட் பம்ப் ப்ளட் டு ஆல் பார்ட்ஸ் ஆஃப் தி பாடி."

இலைகள் சூரிய ஒளியை உறிஞ்சி, உடம்பின் எல்லாப் பாகங்களுக்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றன.

"ஏன்டி, இம்புட்டு நாளா இதையா சொல்லிக்கிட்டுத் திரியிற?"

"அத்தாதான் தினமும் சரிபாக்குறாங்களே!"

புத்தகம் வந்தது. நான் புரட்டினேன். செடிப் பாடத்தின் நடுவில் ஒரு தாள் மட்டும் அட்டைபோல் தடித்திருந்தது. ஓரத்தில் நகத்தை வைத்தேன், இறங்கவில்லை. தோல் அட்டை போட்டபோது பசை உள்ளே வழிந்து, தாளோடு தாளை ஒட்டிப் பிடித்துவிட்டது. ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்கு முந்தின வரி 'இலைகள் சூரிய ஒளியை உறிஞ்சி' என்று முடிகிறது. பிந்தின பக்கம் இதயப் பாடத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. விரல் ஒரு பள்ளத்தைத் தாண்டுவது தெரியாமல் இத்தனை நாள் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தாஹிரா குழம்பை இறக்கிவிட்டு, ஒட்டிய தாளை அதன் ஆவியில் காட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பெல்ட் அறுந்தாலும் ஒட்டு விடாது என்று கடைக்காரர்களிடம் சத்தியம் செய்து விற்கிற பசை ஆயிற்றே. கடைசியில் சௌந்தர்யாவின் அம்மா அழகம்மாளுக்குப் போன் போட்டாள். அழகம்மாள் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸப்பில் உடனே அனுப்பிவைத்தார். ஆக, உண்மை வந்து சேர்ந்துவிட்டது. நூர் முகமதும் வந்து சேர்ந்தான்.

தாஹிரா நடந்ததைச் சொல்லச் சொல்ல, தொப்பியைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"இதுல எம்புட்டு இருக்கும்?"

"ரெண்டு பக்கம் முழுசா இருக்கு. ராத்திரிக்குள்ள படிச்சிருவா" என்றாள் தாஹிரா.

"வேணாம்."

"தப்பா இருக்குங்க."

"தப்புன்னு எனக்கும் தெரியுது தாஹிரா. ஆனா அந்தத் தப்பு தண்ணி மாதிரி வருது. சரியானத இப்பப் போயி உள்ள நுழைச்சா தடுமாறும். தடுமாறுனா பின்கட்டு."

"அத்தா, செடிக்கு இதயமே கிடையாதுத்தா" என்றாள் முஹ்சினா.

"இல்லாட்டி என்னம்மா? நாளைக்கு ஒரு நா மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே!"

மீடியத்தாரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள் இந்த வரியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

முஹ்சினா விடவில்லை. "யாராச்சும் கண்டுபிடிச்சுட்டா?"

"எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"கண்டுபிடிச்சா?"

வியாபாரிக்கு ரோஷம் வந்தது. "நாளைக்கு அந்த ஹால்ல ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு, 'செடிக்கு ஏதும்மா ரத்தம்?'னு கேக்கட்டும். நானே உன்னயக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அந்தப் பின்கட்டுல உக்கார வைக்கிறேன். போதுமா?"

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நூர் முகமது பார்க்கவில்லை.

"சத்தியமாவாத்தா?"

"வாக்கு. ஆனா தெரிஞ்ச ஆளு கேக்கக்கூடாது. உங்கம்மா கேக்கக்கூடாது. ஏய் மாப்ள, உனக்கும்தான் சொல்றேன், வாயத் தொறந்த, அம்புட்டுத்தான்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? தால்ச்சா நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை. ஹால் நிறைய மீடியத்தார். ஆத்தூரிலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் சாணார்பட்டியிலிருந்தும் பள்ளிப் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து குவிந்திருந்தார்கள். ஆளுக்கொரு போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மேடையில் சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். நடுவர்கள் மூன்று பேர். உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டு, கையசைவுக்கு உண்டு, தைரியத்துக்கு உண்டு, சீருடைக்குக்கூட உண்டு. சொல்லும் விஷயத்துக்கு? அதை யாரும் யோசிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பதைத்தானே சொல்லப் போகிறார்கள்!

முஹ்சினா மேடையேறினாள். அனைவருக்கும் வணக்கம் சொன்னாள், இங்கிலீஷில். செடியின் வேரிலிருந்து தொடங்கினாள். தண்ணீர் ஏறியது, தண்டு வந்தது, இலை வந்தது. தண்ணி மாதிரிதான் வந்தது. 'தி லீவ்ஸ் அப்சார்ப் தி சன்லைட்' என்று கையை மேலே தூக்கினாள்.

நின்றாள்.

என் பக்கத்திலிருந்த நூர் முகமது என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தான். "தடுமாறிட்டா மாப்ள, தடுமாறிட்டா" என்றான், சட்டப்படி கோபம் இல்லாமலேயே தமிழில்.

அவள் தடுமாறவில்லை. முன்வரிசையை ஒரு பக்கமிருந்து மறு பக்கம் வரை நிதானமாகப் பார்த்தாள். நடுவர்களைப் பார்த்தாள். பிறகு, காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள்: "அண்ட்... பம்ப்... ப்ளட்... டு ஆல் பார்ட்ஸ்... ஆஃப் தி பாடி." 'ப்ளட்' வரும்போது கையை நெஞ்சின் மேல் வைத்தாள். காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதே வரியை இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னாள்.

நடுவர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். தைரியத்துக்காக இருக்கும். ஓரமாக நின்ற பிரிஸ்கில்லா டீச்சர் மட்டும் சடக்கென்று நிமிர்ந்தார். அவர் புருவம் சுருங்கியது. இடது பக்கம் பார்த்தார், கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் பார்த்தார், கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தான்தான் தவறாகக் கேட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று அவரும் தட்டினார். ஹால் அதிர்ந்தது. மேடையில் அந்தப் பிள்ளை கைதட்டலுக்கு நடுவே ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் நடந்த ஒரே அறிவியல் சோதனை அதுதான். அதை நடத்துகிறவளைத் தவிர, சோதனை நடப்பது யாருக்கும் தெரியவில்லை.

முதல் பரிசு. சிறப்பு விருந்தினர் தன் உரையில், இலையின் இரத்த ஓட்டத்தைப் பற்றி இந்தக் குழந்தை விளக்கிய அழகை இரண்டு முறை குறிப்பிட்டு, நாளைய விஞ்ஞானி என்று வாழ்த்தினார். கரஸ்பாண்டென்ட், முஹ்சினா இருக்கிற வகுப்பிலேயே இருப்பாள் என்று மைக்கில் அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது நூர் முகமது கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். "பாத்தியா மாப்ள? அத்தன பேரு இருந்தாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேக்கலையே!" அதைவிடப் பெரிய நற்சான்று அவனுக்குத் தெரியாது.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள் முஹ்சினா. தாஹிரா அவள் தோளை அணைத்துப் பிடித்திருந்தாள். ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது முஹ்சினா தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, வீடியோ எடுத்தீங்களா?"

"எடுக்காம? முழுசா எடுத்தேன். எல்லாக் குரூப்புலயும் போடப்போறேன்."

"அதப் பாத்துட்டு யாராச்சும் கேட்டா?"

ஜெயித்தவனுக்கு மனசு பெரிதாக இருந்தது. "கேக்கட்டுமே! எப்பக் கேட்டாலும் வாக்கு வாக்குதான்."

சொன்னபடி எல்லாக் குரூப்பிலும் போட்டான். தோல் வியாபாரிகள் குரூப், ஜமாஅத் குரூப், பத்தாவது படித்தவர்கள் குரூப், கடைக்காரர்கள் குரூப். அவர்கள் தங்கள் தங்கள் குரூப்புகளுக்கு அனுப்பினார்கள். நான் நெதர்லாந்துக்குத் திரும்பி வருவதற்குள் வீடியோ எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. கீழே மாஷா அல்லாஹ், சூப்பர் பாப்பா, பூங்கொத்து, தேசியக் கொடி, கண்ணீர் வடிக்கும் பொம்மை. இங்கிருந்து போன் போடும்போதெல்லாம் தாஹிரா சொல்கிறாள்: சாயங்காலம் அத்தாவின் போனை வாங்கி, ஒவ்வொரு குரூப்பாகத் திறந்து கடைசி வரை படித்துவிட்டுத்தான் பிள்ளை சாப்பிட உட்காருகிறதாம்.

எனக்குக் கேட்க உரிமை இல்லை, நான் தெரிந்தவன். உங்களுக்கு உண்டு. வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நீல ரிப்பன், இரட்டைச் சடை, நெஞ்சில் கை வைத்து ஒரே வரியை இரண்டு முறை சொல்கிற பிள்ளை. ஞாபகம் வரவில்லையா? போனை எடுத்துத் தேடிப் பாருங்கள். கிடைத்ததும், அதற்குக் கீழே அன்றைக்கு நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கிப் பிடித்த கட்டைவிரலா?

வாருங்கள், உட்காருங்கள். நீங்களும் நம்ம ஆள்தான்.